ஜன்னல் பக்கத்துக் கட்டில்

— தலையைக் குனிஞ்சு வாங்கம்மா, வாங்க லல்லா. இந்த நிலைப்படியில இடிச்சுக்காத பிரெஞ்சுக்காரங்களே இல்ல.

— நான் பிரெஞ்சுக்காரி இல்ல. இதே வீட்டுல பிறந்தவ.

— யா ரப்பி! மக்லூஃபோட மக பெர்லாவா?

— என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியாமலா? நான் ரஹ்மா. நீங்கல்லாம் ஊரை விட்டுக் கிளம்பின மறுவருஷம் கீழ் அறைக்குக் கல்யாணமாகி வந்தேன். இந்தச் சந்துலயே பிரெஞ்சு படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நீங்க எழுதின கடிதாசியெல்லாம் உங்கப்பாவுக்குப் படிச்சுச் சொன்னது நான்தான். உக்காருங்க, புதினா டீ போடறேன்.

— டீ கிடக்கட்டும். பஸ் அரை மணிதான் நிக்கும். லீவுக்கு வந்த கூட்டம், மெல்லாவை, இந்தப் பழைய யூதத் தெருவைப் பார்த்து போட்டோ எடுத்துட்டு ஏறிடும். எனக்கு ஒரே கேள்வி. அவர் ஏன் வரல?

— முதல்ல உக்காருங்க, லல்லா.

— "நீங்க முன்னால போங்க, பஸ்கா பண்டிகை முடிஞ்சதும் வந்துடறேன்"னார். எத்தனை பஸ்கா! இங்க வேற பொம்பளை இருந்தாளா? அம்மா சாகற வரைக்கும் அப்படித்தான் நினைச்சா.

— சீச்சீ, அந்தப் பேச்சே வேண்டாம். உங்க ஜெபத்துக்குப் பத்து ஆம்பளை வேணும்ல? அப்ப இங்க மிச்சம் பத்தே பேர். "நான் போனா ஒன்பது, ரஹ்மா. ஜெபக்கூடத்தைப் பூட்டின பாவம் எனக்கு எதுக்கு?"ன்னுவார்.

— அவங்களுக்குப் பத்தாவது ஆளு. எனக்கு இருந்தது ஒரே ஒரு அப்பா.

— அப்புறம் செருப்பு தைக்கற ஷிமோன் செத்துட்டார். ஒன்பதாச்சு. உங்கப்பா அழுதுகிட்டே சிரிச்சார். "இனி என்னைப் பிடிச்சு வைக்க ஆளில்ல"ன்னு பெட்டியைக் கயித்தால கட்டினார். உங்களுக்குன்னு செர்ரி கூட காய வச்சு எடுத்து வச்சார்.

— பெட்டி கட்டினாரா?

— கட்டினார். என் மக அந்தப் பெட்டி மேல ஏறி உக்காந்துட்டு இறங்கவே மாட்டேன்னா. என் புருஷன் சுரங்க வேலைக்குன்னு பிரான்ஸ் போனவன், திரும்பல. நாலு வருஷம் எங்களுக்கு ரொட்டி போட்டது உங்கப்பா. அவ அவரைத்தான் அப்பான்னு கூப்பிடுவா.

— குடுத்து வச்சவ. சரி, கட்டின பெட்டி என்னாச்சு?

— பரண் மேல இருக்கு. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னால கடிதாசி வந்துச்சு. வர வேண்டாம்னு.

— என்னது?

— "இங்க எங்களுக்கே இடமில்ல, வராதீங்க"ன்னு. அன்னிக்கே கயித்தை அவிழ்த்துட்டார். அப்புறம் கண்ணை மூடற வரைக்கும் உங்களுக்கு ஒரு வரி எழுதச் சொல்லல.

— யார் எழுதினா அதை? அம்மாவுக்கு எழுதத் தெரியாது. வீட்டுல எழுதினது நான் மட்டும்தான்! கடைசியா எழுதினது எனக்கு மனப்பாடம். பதில் வரும்னு ரெண்டு வருஷம் தபால்காரனைப் பார்த்துகிட்டு நின்னவ நான். "அப்பா, உங்களுக்குக் கட்டில் வாங்கியாச்சு. ஜன்னல் பக்கம் போட்டிருக்கோம்..."

— "...காலையில வெயில் வரும். சீக்கிரம் வாங்க."

— ரஹ்மா...

— படிச்சேன், லல்லா. வாய்விட்டுத்தான் படிக்கல.