ஓட்டையே இல்லாத வண்டி

...பேச மாட்டேன் தம்பி. வாயவே தொறக்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு அந்த நீல டார்ச்ச அடிச்சுப் பாருங்க. போன வாரம் கேஸோட சாயம் கலந்து விட்டீங்கல்ல, கசியுற எடத்துல பச்சையா மினுங்கும்னு? மினுங்காது. இந்த வண்டி ஏசில ஓட்டையே கெடையாது! நாலு மாசத்துல மூணு தடவ கேஸ் போட்டாச்சு. மொத மெக்கானிக்கு சோப்பு நொரை தடவுனான், ஒரு குமிழி வரல. அடுத்தவன் காத்த ஏத்தி நாள் பூரா மீட்டர மாட்டி வச்சிருந்தான், முள்ளு அசையல. ஓட்டையும் இல்ல, கேஸும் இல்லன்னா என்ன அர்த்தம்? எவனோ புடுங்குறான்!

டிரைவர்தான், வேற யாரு? ஒம்பது வருஷமா ஓட்டுனவன். திங்கக்கெழம நிறுத்திட்டேன். என்ன... ஏசி கேஸத் திருடி என்ன பண்ணுவான்னா? இதையேதான் எம்பொண்டாட்டியும் கேட்டா. "பையில கட்டித் தூக்கிட்டுப் போனானா?"ன்னா. அவளுக்கு அவன் கூடப்பொறக்காத தம்பி. அன்னைலேர்ந்து எங்கிட்ட பேச்சே இல்ல, தட்ட 'டொக்'னு வெக்கிறா, அதோட சரி. இன்னைக்குக் காலையிலதான் வாயத் தொறந்தா. என்ன சொன்னா தெரியுமா? "மத்தியானத்துக்குள்ள அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா நான் தங்கச்சி வீட்டோட போயிடறேன்." எப்படிப் போவா? டிரைவரும் இல்ல, வண்டியும் இங்க நிக்குது, எனக்கு ஓட்டத் தெரியாது! இங்க கொண்டாந்து விட்டதே எதிர்வீட்டுக்காரர்தானே. சும்மா மெரட்டுறா தம்பி.

ஓட்டத் தெரியாதவனுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சுடாதீங்க. முப்பத்தோரு வருஷம் கிடங்குல சரக்கு சரிபாக்குற வேல. சீல் வச்ச பெட்டியா இருந்தாலும் ஒடச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்து. "சீல் இருக்கே சார்"ம்பானுங்க. யோவ், சீல் வச்சது எவன், நானா? கடைசி வரைக்கும் ஒருத்தனையும் நம்புனதில்ல. ரிடையர் ஆன அன்னைக்குக் கூட... சரி விடுங்க, அது பெரிய கதை.

பானட்ட யார் தொறக்கறதா? நான் மட்டும்தான். ரிடையர் ஆன இந்த நாலு மாசமா, தெனம் காலையில. ஆயில் பாப்பேன், தண்ணி பாப்பேன், ஏசி கேஸ் பாப்பேன்.

எப்படிப் பாப்பேனா? என்னங்க நீங்க, மெக்கானிக்கு நீங்களே இப்படிக் கேக்கலாமா! இந்தக் குழாய்ல சின்ன மூடி இருக்கு பாருங்க, அதத் திருகி எடுத்துட்டு, உள்ள டயர்ல இருக்குற மாதிரி ஊசி ஒண்ணு இருக்குல்ல... அத இந்தப் பேனாவால லேசா ஒரு அமுக்கு. புஸ்ஸுனு வந்துச்சா, கேஸ் இருக்கு. சத்தம் சன்னமா வந்தா சந்தேகம் வரும், இன்னொரு தடவ அமுக்குவேன். அமுக்க அமுக்க சத்தம் கொறஞ்சுக்கிட்டே போகும். அப்பவே தெரிஞ்சுடும், படுபாவி ஆட்டையப் போட்டுட்டான்னு! அவன நிறுத்துன பிறகும் கொறையுது தம்பி. ஆளு இல்லாமயே எடுக்குறான்னா எப்பேர்ப்பட்ட கில்லாடி பாருங்க!

...ஏன் அப்படிப் பாக்குறீங்க? டார்ச்ச வண்டி மேல அடிங்க, எம்மேல என்னத்துக்கு... நீங்க போட்டிருக்குற மஞ்சக் கண்ணாடியா? நான் போட்டுக்கணுமா? சரி, போட்டாச்சு.

அய்யய்யோ... இதென்ன, வெரலெல்லாம் பச்சையா மினுங்குது! பேனா... சட்டப் பை... காதுமா? காதுல எப்படி... ஆங், பேனாவால கொடையுறதுதான். குழாய்ல எங்கயுமே இல்லயா? அந்த மூடிகிட்ட மட்டுமா?

நானா... நாந்தானா?

சிரிச்சுக்கோங்க தம்பி, தப்பில்ல. எனக்குத்தான் வெக்கமா இருக்கு. அந்த மனுஷன நடுத்தெருவுல நிக்க வச்சு பையச் சோதன போட்டேன். எதிர்வீட்டுக்காரர் பாத்துக்கிட்டே இருந்தாரு. உள்ள ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டிலு. அந்தப் பாட்டிலயும் தொறந்து மோந்து பாத்தேன் தம்பி. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

இருங்க, ஒரு போனப் போட்டுடறேன்... ஹலோ, நாந்தான்ப்பா. வச்சுடாத, வச்சுடாத. ஓட்டை கெடச்சுடுச்சு... குழாய்ல சின்னதா... என்ன? உனக்குத் தெரியுமா? பின்ன ஏன்யா சொல்லல? ...எப்ப சொன்ன? ...ம். ...ஆமா, அப்படித்தான் சொன்னேன். ...தப்பு எம்மேலதான்ப்பா. மன்னிச்சுக்க. வர்றியா? ...ம்? ...இப்ப எங்க இருக்க? ...எங்கன்ன? ...ஏய், ஏய், இரு!

வச்சுட்டான். "மூடியத் தொறக்காதீங்க சார், கேஸ் போயிடும்னு ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டாந்தடவ நீங்க அம்மாவக் கூப்பிட்டு, 'பாக்க விட மாட்டேங்குறான் பாரு, இவன்தான் திருடன்'னீங்க. அதுக்கப்புறம் எதுக்கு சார் சொல்லணும்?"ங்கறான். நான் சொன்னத ஒரு வார்த்த மாத்தல.

வேற எடத்துல சேந்துட்டானாம். எங்கன்னு கேளுங்க... எங்கொழுந்தியா வீட்ல! எம்பொண்டாட்டிதான் சேத்து விட்டாளாம். இப்ப அவங்க வண்டியோட எங்க வீட்டு வாசல்ல நிக்குறானாம், அம்மாவ ஏத்திட்டுப் போக.

தம்பி, அந்த ஏசி எக்கேடோ கெடட்டும், பானட்ட மூடுங்க! வண்டிய எடுங்க, என்னைய வீட்ல கொண்டு போயி விடுங்க... அவ பொட்டிய இன்னும் ஏத்தலயாம்!