டச்சுக்காரன் காலத்துச் சமாதி

— இன்னொரு தடவ கேக்கறேன், ஞானம். தாசில்தார் ஜீப்ப விட்டு எறங்கறாரு. "ஏம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க நீங்கதானே, வயல்ல இருக்கற இந்தச் சமாதியெல்லாம் எத்தன வருஷமா இருக்கு?"ன்னு கேக்கறாரு. நீ என்ன சொல்லுவே?

— போன வருஷம் சித்திரையிலேருந்து இருக்குங்கன்னு சொல்லுவேன், பஞ்சநதம் அண்ணே.

— கெட்டுது போ. டச்சுக்காரன் காலத்துலேருந்துன்னு சொல்லணும்.

— அதான் வாயில வரமாட்டேங்குது. டச்சுக்காரன நான் கண்ணால பாத்ததில்ல. இந்தச் சமாதியெல்லாம் செஞ்சு வெச்சுட்டுப் போன குதிரைச் சினிமாக்காரங்களத்தான் பதினாறு நாள் என் கொல்லையிலேருந்து பாத்தேன். நானா ஒண்ணும் எட்டிப் பாக்கலண்ணே, வேலி தாழ இருந்துச்சு.

— அதத்தான் மறந்துடுங்கறேன்.

— எப்படி மறக்கறது? அறுப்பு முடிஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்த உங்க அஞ்சு ஏக்கரப் பாத்துட்டு, "இதாண்டா பாலைவனம்"னு அந்த டைரக்டர் குதிச்சாரே! மூணாம் நாளே கோடை மழை. பாலைவனம் பூரா பச்சையா மொளைச்சிடுச்சு. கீழத்தெருப் பொம்பளைங்கள வெச்சுப் பாலைவனத்துக்குக் களை எடுத்தாங்க. கூலி நீங்க குடுக்கறத விடக் கூடுதல்னு அவளுங்க இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியறாளுங்க.

— ஞானம்...

— குதிரைன்னா அது கும்பகோணத்து ஜட்காக் குதிரை. வெத்தலக் கடையக் கண்டா நின்னுடும். ஹீரோவுக்கோ குதிரைன்னா பயம். நெல்லு மூட்டை மேல உக்காந்து குதிச்சுக் குதிச்சுத்தான் கொள்ளைக்காரன வெரட்டினாரு. இடுப்புக்கு மேல மட்டும் படம் புடிச்சாங்க. பம்பாய் வில்லனுக்குத் தமிழ் வராதாம். வசனத்துக்குப் பதிலா முறைச்சுக்கிட்டே இந்தியில ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணினாரு. இருபத்தேழு வந்தப்போ ஹீரோ சுட்டுட்டாரு.

— போதும். வாய்க்கால் பாலத்த வெடி வெச்சுத் தகர்த்தாங்களே, அதையும் சொல்லித் தொலைச்சுட்டு நிறுத்து.

— அது வேண்டாம்ணே.

— ஏன்?

— டைரக்டர் வெள்ளைத் துண்ட ஆட்டினா வெடி வெக்கணும்னு ஏற்பாடு. நான் கொல்லையில தல துவட்டிட்டுத் துண்ட உதறினேன். அவங்க கேமராவப் பொட்டியிலேருந்து எடுக்கவே இல்ல. பாலம் போயிடுச்சு.

— அடிப்பாவி, நீயா அது?

— யார் துண்டுன்னு ரெண்டு நாள் தேடினாங்க. நானும் கூடச் சேந்து தேடினேன்.

— சரி, நல்லாக் கேட்டுக்க. பதினஞ்சு ஏக்கருக்கு மேல வெச்சிருந்தா சர்க்கார் எடுத்துக் கீழத்தெருவுக்குப் பட்டா போட்டுக் குடுத்துடுவான். அந்த அஞ்சு ஏக்கர் இடுகாடுன்னா எடுக்க மாட்டான். கர்ணத்தப் புடிச்சு "பொது இடுகாடு"ன்னு கணக்குல எழுத வெச்சிருக்கேன். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு தெருத்தெருவாத் தண்டோராவும் போட்டாச்சு. ஒரு பய வாயத் தெறக்கல. நீ உளறாம இருந்தாப் போதும்.

— சிலுவையெல்லாம் ஒட்டுப்பலகைண்ணே. மழையில உப்பிப் போயிருக்கு. ஒரு சமாதிக்குள்ள என் கோழி அடை காக்குது. அதையும் டச்சுக்கோழின்னு சொல்லணுமா?

— கோழியத் தூக்கிட்டியா இல்லையா?

— எங்க தூக்கறது? விடிஞ்சதுலேருந்து உங்க கூடத்துல உக்கார வெச்சுப் பாடம் நடத்தறீங்க. கொல்லைப் பக்கமே போகல. வாசல்ல யாரோ நிக்கறாங்க பாருங்க.

— யார்றா அது?

— நல்லக்கண்ணுங்க.

— பொழுது எங்க வந்துடுச்சு, இப்பத்தான் வேலைக்கு வர்றியா?

— இன்னிக்கு வேலைக்கு இல்லீங்க, ஐயா. ராத்திரி எங்க ஆத்தா போயிடுச்சு.

— அய்யய்யோ, காத்தாயியா? மழைச் சத்தத்துல சாவுக்குத் தப்பு மேளம் அடிச்சதுகூடக் காதுல விழலியே! முந்தாநாள் எனக்குப் பொன்னாங்கண்ணி பறிச்சுக் குடுத்தாளே.

— ஆமாங்கம்மா.

— சரிடா, ஆக வேண்டியதப் பாரு. வாய்க்காலுக்கு அந்தாண்ட நீங்க பொதைக்கற எடம் இருக்குல்ல?

— பாலம் இல்லீங்களே. கட்டித் தர்றேன்னீங்க, இது ரெண்டாவது ஐப்பசி. போன மழையில எங்கப்பாவக் கழுத்தளவுத் தண்ணியில தலைக்கு மேல தூக்கிட்டுப் போனோம். நடு வாய்க்கால்ல கை நழுவிடுச்சு. ஆத்தா கரையில நின்னு பாத்துச்சு. என்னைத் தண்ணியில கொண்டு போயிடாதடான்னு அன்னிலேருந்து ஒரே பேச்சு.

— அதுக்கு நான் என்ன செய்ய?

— தண்டோரா எங்க தெருவுலயும் போட்டாங்க. பொது இடுகாடுன்னாங்க.

— டேய், அது சினிமாச் சமாதிடா!

— தெரியுங்க. குழி வெட்டற சீனுக்கு வெட்டினதே நாந்தான். ஹீரோவுக்கு மம்புட்டி புடிக்க வரலன்னு என் கையத்தான் படம் புடிச்சாங்க.

— தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?

— ஆட்சேபணை இருந்தாத்தானே சொல்லச் சொன்னாங்க? எங்களுக்கு இல்லீங்க.

— அண்ணே, ஜீப்புச் சத்தம் கேக்குது.

— நல்லக்கண்ணு, இங்க பாருப்பா. பாலத்த நாளைக்கே கட்டித் தர்றேன். இன்னிக்கு ஒரு நாள் ஆத்தாவ வீட்டுலயே வெச்சிரு. தாசில்தார் வந்து பாத்துட்டுப் போயிடட்டும்.

— அது ஜீப்பு வர்ற சத்தம் இல்லீங்க. போற சத்தம்.

— என்னடா சொல்றே?

— காலையிலேயே நேரா வயலுக்கு வந்துட்டாரு. "நெசமாவே இங்க பொதைக்கறது உண்டா?"ன்னு எங்கிட்டக் கேட்டாரு.

— நீ என்ன சொன்னே?

— ஆத்தா மேல மண்ணத் தள்ளிக்கிட்டிருந்தேன். அவரும் ஒரு புடி அள்ளிப் போட்டாரு. "இடுகாடு, சரி"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. அதச் சொல்லத்தான் வந்தேன். ஐயா கவலப்படாதீங்க, இனிமே அந்த நெலத்த சர்க்காரு எடுக்காது.