பதினோராவது ப்ராசஸர்

கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸர் வாங்கலாமா என்று யார் வந்து கேட்டாலும், இப்போது இருப்பதில் என்ன குறை என்றுதான் நான் முதலில் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. சரோஜினி மேடம், நடந்ததை உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே எழுதித் தரலாம் என்றீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேடவாக்கத்தில் பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். கட்டடம் சொந்தம். கோவிலம்பாக்கத்தில் எங்கள் நிலத்தில்தான் இன்று மூன்று அபார்ட்மென்ட்கள் நிற்கின்றன. பிழைப்புக்காக யாரிடமும் பொய் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு இல்லை. "ஜெயவேலு அண்ணா வேணாம்னு சொன்னா வாங்காத" என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். விசாரித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு வருடமும் புது மாடல் வரும். போன வருடத்தை விட எட்டு சதவீதம் வேகம், சில சமயம் பத்து. விலை மட்டும் ஒன்றரை மடங்கு. இரண்டு வருடப் பழசை வைத்திருப்பவனுக்கு அது தண்டம். இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

அவர்கள் கொண்டுவரும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் எனக்குக் குமட்டும். ஃபேனில் தலைமுடி சுற்றியிருக்கும். மூலையில் கரப்பான் காய்ந்து கிடக்கும். சிவகுமார் என்று ஒருவர், ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. வீட்டில் மெயில் பார்ப்பார், படம் பார்ப்பார், அவ்வளவுதான். பதினாலு மாதம்கூட ஆகாத ப்ராசஸரை மாற்ற வேண்டும் என்று வந்து நின்றார். பெட்டிக்குள் பல்லி முட்டை இருந்தது. அதைத் துடைக்காத மனிதருக்கு எட்டு சதவீதம் வேகம் எதற்கு என்று தோன்றியது.

புது ப்ராசஸரை வரவழைத்தேன். மாட்டவில்லை. பழையதையே துடைத்து உட்கார வைத்து, திரையில் தெரியும் பெயரை மட்டும் மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. புதியதன் காலி டப்பாவைக் கையில் கொடுத்தேன். இங்கே எல்லோருக்கும் அந்த டப்பாதான் முக்கியம். ஷோகேஸில் வைப்பார்கள், ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் சிவகுமார் போன் செய்தார். "அண்ணா, ராக்கெட் மாதிரி போகுது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்பாக இருந்தது. இத்தனை வருடம் நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவரே நிரூபித்துவிட்டார்.

அதன்பின் இரண்டு வருடத்தில் மேலும் ஒன்பது பேர். ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அவர்களுக்கு மாட்டாத ப்ராசஸர்களை நான் விற்றுத் தின்னவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன். திருடன் இப்படிச் செய்ய மாட்டான். இது ஒரு பரிசோதனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வெண்ணிலாவின் விஷயம் இதில் பதினோராவது.

அவள் அப்பா சின்னதம்பி, கேளம்பாக்கம் தாண்டிக் கடற்கரைக் குப்பத்தில் மீன் பிடிக்கிறவர். பெண் அனிமேஷன் படித்துவிட்டு, கட்டப்போகும் வீடுகளை வீடியோவாகச் செய்து தரும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வேலை நிரந்தரமாக மூன்று மாதக் கெடு. தினமும் மாலை ஆறுக்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும். வரைந்ததை வீடியோவாக மாற்ற அவளுடைய பழைய மெஷின் நாள் முழுக்க முக்கி முனகியது. அதே மதர்போர்டில் உட்காரக்கூடியதில் ஆகப் பெரிய ப்ராசஸர் வேண்டும் என்று கேட்டாள்.

"படகு இன்ஜினை வித்துட்டேன் சார்," என்றார் அப்பா. "எம்பொண்ணுக்கு இந்த வேல நெலச்சுதுன்னா போதும். நல்ல சரக்கா போட்டுக் குடு சார்."

இருவரும் போனபின் மேஜையைத் துடைத்தேன். வாங்கிய நோட்டுகளை வெயிலில் வைத்தேன். மீன் வாடை என்று நான் யாரையும் குறை சொல்கிறவன் இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் வஞ்சிரம் உண்டு. ஆனால் ஆகப் பெரியது வேண்டும் என்று அவள் கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. அவரவர் தேவைக்குத்தான் கேட்க வேண்டும்.

இருந்தாலும் முறைப்படி சோதித்தேன். புதியதை மாட்டி, அவள் கொடுத்திருந்த வேலையை ஓட்டினேன். ஐம்பது நிமிடம் ஆனது. பழையதில் மூன்று மணி பத்து நிமிடம். இரண்டையும் குறித்து வைத்தேன். பிறகு பழையதையே திரும்ப மாட்டி, பெயரை மாற்றி, டப்பாவோடு கொடுத்தேன்.

மூன்று முறை வந்தாள். மேடவாக்கம் நெரிசலில் இரண்டு பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். முதல் முறை, "மெஷின்ல ஏதோ பிரச்சனை இருக்குண்ணா, பழைய மாதிரியே இழுக்குது" என்றாள். அவள் எதிரிலேயே பெயரைக் காட்டினேன். "மெஷின் நல்லாதாம்மா இருக்கு. உனக்குத்தான் இன்னும் கை பழகல" என்றேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன், அவள் அப்பாவை வைத்துக்கொண்டு. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, சார் இப்டி சொல்றாரு" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் முறை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எனக்குத்தான் வேலை வரலை போலண்ணா" என்று அவளே சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் அவளுடைய மேலாளர் தீபா எனக்குப் போன் செய்தார். நல்ல மாதிரியாகப் பேசினார். பெண் கெட்டிக்காரி, மெஷினில் கோளாறு என்றால் இன்னும் ஒரு மாதம் தரத் தயார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். குறித்து வைத்த சீட்டு என் கண்ணெதிரில் இருந்தது. "மெஷின் டாப் மேடம். பொண்ணுக்குத்தான் வேலை வராது" என்றேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவான பேச்சு. அவள் வேலை அன்றோடு போயிற்று.

அவள் இப்போது ஐஸ் ஷெட்டில் இறால் தரம் பிரிக்கிறாள் என்றும், கம்ப்யூட்டர் என்றாலே எழுந்து போய்விடுகிறாள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நான் மாட்டிக்கொண்ட கதை சின்னது. அந்த மெஷினை விற்றுத் தரச் சொல்லிக் கேளம்பாக்கத்தில் கடை வைத்திருக்கும் ஜோஸ்வினிடம் கொடுத்தார்கள். முதலில் பாகங்களை வாங்கி அதைப் பூட்டிக் கொடுத்ததே அவன்தான். அவன் ப்ராசஸரைக் கழற்றியபோது, அதன் ஓரத்தில் நீலப் பெயின்ட் புள்ளி ஒன்று இருந்தது. படகு இன்ஜினைப் பழுது பார்க்கக் கொடுத்தால் மெக்கானிக் உதிரி பாகத்தை மாற்றிவிடுவான் என்று, குப்பத்து ஆட்கள் ஒவ்வொரு பாகத்திலும் படகுப் பெயின்ட்டில் அடையாளம் வைப்பார்களாம். ஜோஸ்வின் மெஷினைப் பூட்டிய அன்றே சின்னதம்பி அதை அதன் பாகங்களுக்கும் செய்திருக்கிறார். புது ப்ராசஸரில் பழைய புள்ளி எப்படி வரும் என்று ஜோஸ்வின் கேட்டிருக்கிறான்.

அந்தப் புள்ளியை நானும் பார்த்தேன். மற்ற பத்து பேருடையதையும் ஸ்பிரிட் போட்டுச் சுத்தமாகத் துடைத்தவன் நான். இதை மட்டும் தொடப் பிடிக்கவில்லை. குப்பத்து அழுக்கு ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, இரண்டு விரல் நுனியில் பிடித்து மாட்டிவிட்டேன். துடைத்திருந்தால் உங்களுக்கு இந்த வேலை இருந்திருக்காது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். பதினோரு பேர் என்றால் டின்னில் ஏன் பத்துதான் இருக்கிறது என்று. வெண்ணிலாவுடையது என் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவ்வளவு நல்ல சரக்கு சும்மா கிடக்க வேண்டாமே என்று மாட்டிக்கொண்டேன். கடையில் பில் போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லைதான். ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது மேடம். பில் எல்லாம் இப்போது ராக்கெட் மாதிரி போகிறது.