ஐஸ் அறையின் அவசர விளக்கு

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். தெரியாதவர்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிட்டு, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார்கள். எனக்குத் தெரியும், ஐயா. வீராம்பட்டினம் போகும் வழியில் இருந்த ஐஸ் கம்பெனியில் பேட்டரி வேலை என்னுடையது.

எண்பத்து மூன்றில் நடந்தது. ஐஸ் கட்டிகளை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிவைக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. கரண்ட் போனால் நடுப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. அதற்காகக் கதவுக்கு மேலே ஒரு அவசர விளக்கு இருந்தது. கரண்ட் இருக்கும்போது அதன் பேட்டரி சார்ஜ் ஏறும். போனதும் விளக்கு தானாக எரியும். பேட்டரி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். அறைக்குப் பொறுப்பாளரான சவரிராயன் அண்ணன் விளக்கின் சோதனைப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“எரியுது பாருங்க மொதலாளி. இந்தக் கொளஞ்சிப் பய வேல செய்யறாப்ல காட்டிக்கக் கத கட்டறான்.”

லோடுமேன்கள் சிரித்தார்கள். சவரிராயன் அண்ணன் கெட்டவர் இல்லை. எத்தனையோ நாள் தன் மீன் குழம்பில் பாதியை எனக்கு ஊற்றியிருக்கிறார். ஆனால் அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியிலும் தட்டினால் விளக்கு எரியும். நின்று எரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதை அவருக்குப் புரியவைக்க நினைத்தேன், அவ்வளவுதான்.

அதிலிருந்து கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரையே பேட்டரியில் ஊற்றிவந்தேன். கடலோரக் கிணறு, வாயில் வைத்தால் கரிக்கும். அண்ணன் வழக்கம்போல் பொத்தானைத் தட்டுவார், விளக்கு எரியும், என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அந்த வருஷம் தினமும் மத்தியானம் மின்வெட்டு. அந்த நேரம் பார்த்து லோடுமேன்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒருநாள் அதற்குச் சற்று முன்னால் அவரிடம் போனேன்.

“அண்ணே, பின்னாடி அடுக்கு சாஞ்சாப்ல இருக்குது. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க.”

பொய் சொல்லவில்லை. அடுக்கு சாய்ந்துதான் இருந்தது.

“கரண்டு போற நேரம்டா,” என்றவர், உடனே சிரித்தார். “போனா என்னா, அதான் ஒன் வெளக்கு இருக்குதே.”

அவர் உள்ளே போனதும், குளிர் போகாமலிருக்கக் கதவைச் சாத்தினேன். கரண்ட் போனது. கதவில் உள்ளங்கையளவு கண்ணாடி உண்டு. அதில் வெளிச்சம் தெரிந்தது, பிறகு மஞ்சளாகப் பழுத்தது, பிறகு இல்லை. கட்டிகள் சரியும் சத்தம் கேட்டது. லோடுமேன்கள் வந்து திறந்தபோது அவர் நெஞ்சின் மேல் ஐஸ் கிடந்தது.

அவர் கூப்பிடவே இல்லையா என்று போலீசில் கேட்டார்கள். கம்ப்ரஸர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். நம்பினார்கள். அடக்கம் முடிந்து மாதா கோயில் வாசலில் அவர் மனைவி ஸ்டெல்லாமேரியும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா எதுனா சொன்னாராப்பா?” என்றார். அவருக்கும் அதையேதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

வீட்டில் கரண்ட் இருக்கும்வரை ஒன்றுமில்லை. போனால்தான் தொல்லை. ஃபேன் நிற்கும், பக்கத்து வீட்டு ரேடியோ நிற்கும். என் மனைவி அன்னக்கிளி தீப்பெட்டியைத் தேடுவாள். அந்த நேரத்தில் குரல் வரும்.

“கொளஞ்சி, காலு மாட்டிக்கிச்சுடா. கதவத் தொறடா தம்பி.”

அன்றும் இவ்வளவு தெளிவாகத்தான் கேட்டது, இரண்டாவது அடுக்கு சரியும்வரை. தாழ்ப்பாள் மேல் என் கை இருந்தது. கரண்ட் இல்லாதபோது கம்ப்ரஸர் ஓடாது, ஐயா. இதை யாராவது ஒருவர் அன்றே என்னிடம் கேட்டிருக்கலாம்.