பழைய மூடி

ஒன்பது நாட்கள் அந்தக் கார் சூடாகவே இல்லை. ரயான், நீங்கள் கேட்டது காரைப் பற்றி என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன். இவ்வளவு நான் யாரிடமும் பேசியதில்லை. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது.

நீலசந்திராவில் உங்கள் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த அன்று, உங்கள் அப்பா பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். சிக்னலில் நின்றாலே முள் சிவப்புக்குப் போய்விடுகிறது என்றார். மூன்று கராஜ்களில் பார்த்தாயிற்று. ஒருவர் ஃபேனை மாற்றினாராம். இன்னொருவர், "நம்ம ஊருக்கு இது தேவையே இல்ல சார்" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டாராம்.

நான் வேதியியல் படித்தவள். லேபில் பகல் முழுவதும் குடுவைகளோடு இருப்பேன். மாடிக்கு வந்தால் சுவர்தான். அன்று எப்படியோ, "நான் பாக்கட்டுமா அங்கிள்?" என்று கேட்டுவிட்டேன்.

நான்கு ஞாயிறுகள் பார்த்தோம். போர் தண்ணீர் ஊற்றியே ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தது, கழுவினோம். குழாய்களை மாற்றினோம். உங்கள் அம்மா, ஜோசஃபின் ஆன்ட்டி, டீயும் கட்லெட்டும் கொண்டுவந்து படியில் உட்கார்ந்துகொள்வார். "எனக்கு ஜுரம்னா கூட இந்த மனுஷன் பானெட்டத்தான் தொட்டுப் பாப்பாரு, வீணா" என்பார். நான் சிரிப்பேன். வேறெங்கும் நான் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசியில் கோளாறு மூடியில் இருந்தது. ரேடியேட்டர் மூடி குக்கர் மூடியைப் போல. அது அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். பழைய மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஜே.சி. ரோட்டில் புதியது வாங்கிப் போட்டோம். கார் சரியாகிவிட்டது.

அதன்பிறகுதான் அந்த ஒன்பது நாட்கள். கீழேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. நான் சன்னலருகே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் காரில் லால்பாக் போய்விட்டு வந்தார்கள். மேலே பார்த்துக் கை காட்டினார்கள்.

பழைய மூடியை நான் எறியவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பானெட்டின் பூட்டு உடைந்து கம்பியால் கட்டியிருந்தது உங்களுக்குத் தெரியும். பத்தாவது நாள் வேலைக்குக் கிளம்பும்போது பழையதைத் திரும்ப மாட்டினேன். இரண்டு நிமிட வேலை. கொஞ்சம் ஆவி வரும், அவ்வளவுதான்.

அன்று மாலை அங்கிள் படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். "டாக்டரம்மா, பேஷண்ட் மறுபடி படுத்துட்டான்."

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிறன்று புது மூடி, வார நடுவில் பழையது. ஒவ்வொரு தடவையும் அவரிடம் வேறு காரணம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் நம்பினார். ஒருநாள் மட்டும், "ரயான் இத வித்துடுங்கறான்மா. ஆப்ல டாக்ஸி கூப்பிட்டுக்கோங்கறான்" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை ஆன்ட்டிக்கு மூச்சு வாங்கியது. அங்கிள் மேலே ஓடிவந்தார். "வண்டி தாங்குமாம்மா? இல்ல, டாக்ஸி கூப்பிடட்டா?"

முந்தின நாள்தான் பழைய மூடியைப் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரி நான்கு கிலோமீட்டர். போகும்போது தாங்கும், திரும்பும்போதுதான் கொதிக்கும் என்று கணக்குப் போட்டேன். "தாங்கும் அங்கிள்" என்றேன். பின் சீட்டில் ஆன்ட்டியின் பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன்.

கணக்கில் ஆடுகோடி சிக்னலை நான் சேர்க்கவில்லை. அங்கே எதுவும் நகரவில்லை. முள் ஏறியது, ஆவி கிளம்பியது, கார் நின்றது. அங்கிள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நெரிசலில் அரை மணி நேரமாகும் என்றார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆன்ட்டியும் என்னைத்தான் பார்த்தார். உலகத்தில் அந்த இரண்டு பேருக்கும் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

"பத்து நிமிஷத்துல ஆறிடும். தண்ணி மட்டும் வேணும் அங்கிள்" என்றேன். அவர் கேனை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது ஆன்ட்டி உயிரோடு இல்லை.

தான் தண்ணீருக்கு ஓடிய நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று இன்றுவரை அழுகிறார். அவர் மேல் தப்பில்லை. கேனோடு அவர் போனபின் நடந்தது அவருக்குத் தெரியாது.

ஓர் ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துக் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏனம்மா, ஆஸ்பத்ரேகா? இப்டி ஏத்துங்க. சந்துல பூந்தா அஞ்சு நிமிஷம். காசெல்லாம் பேட, வேணாம்."

ஆட்டோவில் ஏற்றியிருந்தால் அதோடு காரை விற்றிருப்பார்கள். இல்லையா ரயான்?

"வேணாம்ணா, வண்டி ரெடியாயிடும்" என்றேன்.

ஆன்ட்டி அந்தப் பக்கமாகக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டோ கண்ணுக்கு மறையும்வரை விடவில்லை.