வெந்துபோன பட்டியல்

...வேகுது தம்பி, இன்னும் வேகுது! பேண்டும் சட்டையும் என்ன உருளைக்கிழங்கா, குத்திப் பாத்து எறக்க?

மாடியிலேர்ந்து அழுக்குத் தண்ணி ஊத்துனது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா சன்னலுக்கு நேர் கீழ நின்னு எவனாவது பேர் எழுதுவானா? நம்ம கொலோன் ஊர் நாய்க்குக்கூடத் தெரியும், திங்கக்கெழம துவைக்கிற நாளு, சன்னலுக்குக் கீழ ஒதுங்கக் கூடாதுன்னு. நீங்க இந்த ஏரன்ஃபெல்டுப் பேட்டைக்கு ரோந்துத் தலைவரா வந்து மூணு நாள்தானே ஆச்சு, எகன் தம்பி... நீங்க என்ன நீங்க! போர்வையச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கிறவன நீங்கன்னு சொல்ல வாய் வரல. நீன்னே சொல்றேன். யூனிபாரம் போட்டதும் மறுபடி நீங்க.

இந்தா, பார்லி காப்பி. கசக்கும், குடி. கொஞ்சம் இந்தப் புள்ளயப் புடி, நான் அடுப்பத் தள்ளி விடறேன்... அட, கழுத்துப் பக்கமா புடிக்காதே! அது கைதி இல்ல!

என்ன கேட்டே? கோபெஸா? ஆமா, என் தம்பிதான், வேலைக்குப் போயிருக்கான். உன் பட்டியல்ல மொதப் பேரே அவன்தான்னு சொல்லிட்டியே. நாலு மணிக்குப் பட்டியல் ஆபீசுக்குப் போனா அஞ்சு மணிக்கு லாரி வந்து நிக்கும். எனக்குத் தெரியாதா? போன மாசம் எதுத்த வீட்டு ட்ரூடயத் தூக்கிட்டுப் போனாங்க. பொட்டப்புள்ள. இன்னும் வரல...

அப்படி என்னதான் செஞ்சுட்டுதுங்க? கட்டம் போட்ட சட்டை, தோல் டவுசர். ஞாயித்துக்கெழமயானா கிட்டாரத் தூக்கிக்கிட்டு காட்டுக்குப் போவுதுங்க. போற வழியில உங்க ஹிட்லர் படைப் பசங்களப் பாத்தா ரெண்டு குத்து விடும்... சரி, நாலு குத்து. நீங்களும் விடறீங்கல்ல? மொரசு அடிச்சுக்கிட்டு நடந்தா நாட்டுப்பற்று, கிட்டாரத் தட்டிக்கிட்டு நடந்தா துரோகம். எங்கூட்டுக்காரரும் மொரசுக்குப் பின்னால நடந்து போனவர்தான். ரஷ்யாவுல எங்கன்னு தெரியல. கடுதாசி வந்து அஞ்சு மாசமாச்சு. இந்தப் புள்ள அவரு மூஞ்சியவே பாக்கல. ம்... குடி, ஆறிப் போவுது.

என்ன? பட்டியலா? பேண்டுப் பையிலயா! அடையாள அட்டையும் அதுலயேவா? ஐயையோ... சொல்ல வேணாமா தம்பி! இரு, குச்சியால கெளறிப் பாக்கறேன்... இதோ. இது அட்டையா, முட்டைக்கோசா? நீயே மோந்து பாரு.

கத்தாதே, புள்ள மெரளுது. பன்னெண்டு பேரு எழுதுனதா சொன்னியே, ஞாபகம் இருக்குல்ல? இல்லையா? ஒண்ணே ஒண்ணுதானா?

...எது?

ஏன் தம்பி, பதினோரு பேர மறந்தவன் அந்த ஒண்ணயும் மறந்தா கொறஞ்சா போயிருவே? அவனுக்குப் பதினாறு வயசு. அம்மா போனப்ப அவனுக்குப் பல்லுகூட முழுசா மொளைக்கல. நாந்தான் ரொட்டிய மென்னு ஊட்டுனேன்... மாட்டியா? வாயாலயே போய்ச் சொல்லிருவியா?

நல்லது. கடமைன்னா கடமைதான். மணி மூணே முக்கால், கெளம்பு. போர்வைய வெச்சுட்டுப் போ, வீட்டுல அது ஒண்ணுதான் இருக்கு. வேற துணியா? எங்கூட்டுக்காரரு துணியெல்லாம் போர்முனைக்குன்னு உங்க ஆளுங்கதானே வாரிக்கிட்டுப் போனாங்க! என் பாவாடை இருக்கு. வேணாமா? அப்ப கோபெஸ் துணிதான். இந்தா சட்டை, இந்தா டவுசர். காலருக்கு அடியில என்ன பூவா? எடல்வைஸ், மலைப் பூ, அந்தப் பசங்க கூட்டத்து அடையாளம். நாந்தான் தச்சேன், கெட்டித் தையல், பிரிக்க ஒரு மணி நேரமாகும். ஆபீசு பத்து நிமிஷ நடை, யாரு பாக்கப் போறா? ஓடு, ஓடு! படி வழுக்கும், பாத்து...

...

யாரது கீழ? பக்கத்துப் பேட்டை நிப்பஸ்லேர்ந்து ஒதவிக்கு வந்த ரோந்தா? என்ன சத்தம் தம்பிங்களா? இவனா... ஏன் இப்படி இழுக்குறீங்க? 'கட்டம் போட்ட சட்டையக் கண்டா பேச விடாதே, மொதல்ல இழு'ன்னு உத்தரவா? யாரு போட்டது?

எங்க ஏரன்ஃபெல்டுப் புதுத் தலைவரா! எகனா! அடடே, நல்ல மனுஷனாச்சே. அவரு சொன்னா சொன்னபடி செஞ்சிருங்க.

என்னது, தாந்தான் எகன்ங்கறானா? அட்டையக் காட்டச் சொல்லுங்க. இல்லையாமா? பாத்துக்குங்க.

கோபெஸ் கோபெஸ்னு கத்துறானா? அவன் பேரு அதுதான். கூடப் பொறந்த அக்கா சொல்றேன், எனக்குத் தெரியாதா? எழுதிக்குங்க. கோபெஸ், இந்த வீடு, மாடி, பிடிச்சாச்சு. பிடிச்சாச்சுன்னு நல்லாப் பெரிசா எழுதுங்க!

ரெண்டு நாளாவது உள்ள வெச்சிருங்க. என்ன சொன்னாலும் நம்பாதீங்க, சின்னதுலேர்ந்தே அவன் இப்படித்தான்!