அந்தக் கறுப்பு வட்டத்துல என்ன இருந்துச்சு

...இல்லீங்க, நீங்களே சொல்லுங்க. பிள்ளைங்க விளையாடற ராட்டினத்துல போயி இவ்வளவு தண்டிக்கு இரும்புக் கம்பிய எவனாவது நட்டு வெப்பானா? ரப்பர் சுத்தியிருக்கலாம். ஒரு துணியாவது கட்டியிருக்கலாம். ரெண்டு பல்லுங்க. முன்பல்லு ரெண்டு. பாருங்க... ஆ... சரி வேண்டாம், நீங்களே கன்னத்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஊசி போட்டு, மரத்துப் போகட்டும்னு வெளிய அனுப்பிட்டாங்களா? பேச முடியலியா? பரவால்ல, பரவால்ல, நீங்க பேச வேண்டாம். என்னையும்தான் வாயத் திறக்கக் கூடாதுன்னாங்க. பேசியே பொழப்ப ஓட்டறவன நிறுத்துன்னா நிறுத்த முடியுமா?

இஞ்சினியரிங் காலேஜ்ல வாத்தியாருங்க நான். இயக்கவியல். அதாவது, ஒரு துகள் எங்கேர்ந்து எங்க போகுது, எவ்வளவு வேகம், எப்படி வளையுதுங்கறதுதான் பாடம். துகள்னா தூசி மட்டுமில்ல. லாரியும் துகள்தான், நீங்களும் துகள்தான். பேப்பர்ல ஒரு புள்ளி வெச்சா ஆச்சு. "உங்க பாடத்துல மனுஷங்களே கிடையாதா"ன்னு கேப்பா என் வீட்டுக்காரி. கிடையாதுதான். மனுஷன் வந்தா கணக்கு கெட்டுடும்.

அவளும் லேசுப்பட்டவ இல்லீங்க. ஒரு தடவ காருல போயிட்டிருக்கோம். ஒரே வேகத்துலதான் வளைவுல திரும்பினேன், மடியில இருந்த கைப்பை சறுக்கிப் போயி கதவுல மோதுச்சு. "நான் வேகத்த மாத்தவே இல்லியே"ன்னேன். "திசைய மாத்தினீங்களே"ன்னா. நான் மூணு வகுப்பு எடுத்து விளக்கறத ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டா. கோவம் வருமா வராதா?

எங்க விட்டேன்... ஆங், பாடம். முதல் நாளே பசங்ககிட்ட சொல்லிடுவேன், "எங்கேர்ந்து பாக்கறேன்னு சொல்லாம வேகத்தப் பத்தி வாயத் திறக்காதே"ன்னு. ரயில்ல உக்காந்திருக்கீங்க, பக்கத்து ரயில் கெளம்புது, நாமதான் கெளம்பிட்டோம்னு வழியனுப்ப வந்தவங்களுக்குக் கைய ஆட்டறீங்க இல்ல? அதான். அப்புறம் மழை. மழை பாட்டுக்கு நேரா விழுது, ஸ்கூட்டர்ல போறவன் மூஞ்சியில சாஞ்சி அடிக்குது. மழையக் கேட்டா "நான் நேராத்தான் விழுந்தேன்"ங்கும். ஸ்கூட்டர்காரனக் கேட்டா "என்னத் தேடி வந்து அடிச்சுது"ம்பான். ரெண்டும் சரிதான். இந்த இடத்துல கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிப்பாங்க. பதினேழு வருஷமா அதே இடத்துல சிரிக்கிறாங்க. என் நோட்ஸ் ஓரத்துலயே எழுதி வெச்சிருக்கேன், "இங்கே சிரிப்பார்கள்"னு.

இந்த வருஷம் ஒருத்தி மட்டும் சிரிக்கல. வகுப்புல அவளுக்கு "ஏன் சார்"னுதான் பேரு. நான் வெச்சதில்ல, பசங்க வெச்சது. எதச் சொன்னாலும் கை தூக்கிடுவா. "ஏன் சார்?" ஏன் சார் வளையுது, ஏன் சார் உள்பக்கம், ஏன் சார் வெளிப்பக்கம். மத்தவங்க எல்லாம் நல்ல பிள்ளைங்க, சொன்னத எழுதிக்கும். இவ எழுதிட்டு நிமிந்து பாப்பா. அந்தப் பார்வை இருக்கே... சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கோமோன்னு தோணிடும்.

என் நோட்ஸத்தான் எல்லாரும் ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பாங்க. ஃபைல்ல கோத்த தாள் இல்லீங்களா, ஓட்டை போட்ட இடம் ஜெராக்ஸுல கறுப்பு வட்டமா விழும். ஒரு நாள் எழுந்து நிக்கிறா. "சார், இந்தக் கறுப்பு வட்டத்துல என்ன இருந்துச்சு?" நான் சொன்னேன், "ஓட்டை இருந்துச்சும்மா. ஓட்டையில வேற என்ன இருக்கும், மாம்பழமா இருக்கும்?" கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அன்னிக்கு பூரா சந்தோஷம்.

அப்புறம் பரீட்சை. கடைசிப் பகுதி கட்டாயக் கேள்வி. ஒரு வட்டத் தட்டு ஒரே சீரா சுத்துது. நடுவுலேர்ந்து விளிம்புக்கு ஒருத்தன் ஒரே சீரா நடந்து போறான். தட்டுல நிக்கறவனுக்கு அவன் நேர்கோட்டுல போற மாதிரி இருக்கும். வெளிய மரத்தடியில நிக்கறவனுக்கு வளைஞ்சி வளைஞ்சி போற மாதிரி இருக்கும். அவன் அந்தக் கோட்ட விட்டு விலகாம நடக்கணும்னா பக்கவாட்டுல எவ்வளவு முடுக்கம் வேணும்? இதான் கேள்வி. நடக்கற வேகத்த சுத்தற வேகத்தால பெருக்கணும், தீந்துது. அறுபத்து நாலு பேர்ல அறுபத்து மூணு பேர் அப்படியேதான் எழுதியிருக்கான், கமா மாறாம. இந்தம்மா மட்டும் அத ரெண்டால பெருக்கியிருக்கா. அதுல ரெண்டு காரணம் வேற. நடக்கறவனோட திசையே தட்டோட சேந்து திரும்புது, அது ஒண்ணாம். வெளிய போகப் போக காலுக்குக் கீழ தட்டு இன்னும் வேகமா ஓடுது, அந்த ஓட்டத்துக்கு இவனும் ஈடு குடுக்கணும், அது இன்னொண்ணாம். ஆக, ரெண்டு பங்காம்.

முட்டை போட்டேன். பெரிய முட்டை. கட்டாயக் கேள்வியில முட்டை வாங்கினா மத்ததுல எவ்வளவு எடுத்தாலும் பெயில். என்ன பாக்கறீங்க? விதிங்க. யார் போட்ட விதியா? அது... கமிட்டி போட்டது. கமிட்டியில நான் ஒருத்தன்தான் இருந்தேன்னு வெச்சிக்கங்களேன்.

அவளுக்கு வேலை கிடைச்சிருக்காம். திங்கக்கிழமை போயி சேரணுமாம், எல்லாத்துலயும் பாஸுன்னு தாள் காட்டினாத்தான் சேத்துக்குவாங்களாம். அப்பன் இல்ல, அம்மாவும் தம்பியும் இவளத்தான் நம்பி இருக்காங்களாம். அழுதாளா? அதான் இல்ல. அழுதிருந்தா எனக்கு சுலபமா போயிருக்கும். "சார், என் விடை தப்புன்னா எங்க தப்புன்னு காட்டுங்க"ன்னு மனு எழுதிக் குடுத்துட்டா.

காட்டறேன்டின்னு கெளம்பினேன். காலேஜுக்கு எதிர்த்தாப்புல பூங்கா, அதுல இந்த ராட்டினம். குதிரை, யானை எல்லாம் இல்ல, வெறும் தட்டு, சுத்திலும் கம்பி, கையால தள்ளிச் சுத்தறது. நேத்து காலையில மொத்தக் கிளாஸையும் கூட்டிக்கிட்டுப் போனேன். நாலு பேர விட்டு ஒரே சீரா தள்ளச் சொன்னேன். நான் நடுவுல நின்னேன். எந்தப் பக்கம் எவ்வளவு சாஞ்சா விழாம நடக்கலாம்னு என் சூத்திரத்த வெச்சி கணக்குப் போட்டு, கைக்குட்டையில எழுதி வெச்சிருந்தேன். வெளிய இழுக்கறதுக்கு உள்பக்கம் இவ்வளவு, பக்கத்துல தள்ளறதுக்குப் பக்கவாட்டுல இவ்வளவு. "பாத்துக்க"ன்னு அவளப் பாத்து சொல்லிட்டு கால எடுத்து வெச்சேன்.

முதல் எட்டு, நல்லா சாஞ்சேன். ரெண்டாவது எட்டு, சாஞ்சது பத்தல. மூணாவது எட்டு கம்பியில.

என் கணக்குப்படி ஒரு பல்லுதாங்க போயிருக்கணும்.

சிரிக்காதீங்க, உங்களுக்கு வலிக்கும். அறுபத்து மூணு நல்ல பிள்ளைங்க நின்னாங்களே, ஒருத்தன் கிட்ட வரல. நாலு பேர் போன எடுத்துட்டான். இவதான் ஓடி வந்தா. தண்ணி குடுத்தா, விழுந்த பல்லத் தேடி எடுத்துக் குடுத்தா. "பாத்தீங்களா சார்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொல்லல. "சார், ரொம்ப வலிக்குதா?"ன்னா. அந்தக் கறுப்பு வட்டத்த விட்டா, அவ என்கிட்ட ஏன்னு கேக்காம கேட்ட ஒரே கேள்வி அதுதான். மனசு என்னமோ பண்ணிடுச்சுங்க எனக்கு.

வீட்டுக்கு வந்து, வாயில ஐஸ வெச்சிக்கிட்டு அந்த ஃபைல எடுத்தேன். இதோ, பையிலதான் இருக்கு. இந்தப் பக்கத்தப் பாருங்க. மேல ரெண்டு வரி. திசை திரும்பறதுக்கு ஒண்ணு. வெளிய போறதுக்கு ஒண்ணு. ரெண்டும் இருக்கு. என் கையெழுத்துதான், என் நீல மைதான். கீழ கூட்டி எழுதின கடைசி வரியப் பாருங்க. பெருக்கல் எல்லாம் இருக்கு. அதுக்கு முன்னாடி, ஓரத்துல, முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல...

ஓட்டை.

வேலைக்கு சேந்த வருஷம் புத்தகமெல்லாம் பாத்து, நானே போட்டுப் பாத்து எழுதின நோட்ஸுங்க. அந்த ஒரு வருஷம் சரியாத்தான் நடத்தியிருக்கேன். அடுத்த வருஷம் ஓட்டை போடற மிஷின் ஒண்ணு வாங்கினேன். புதுசு, பளபளன்னு இருந்துச்சு. டக்கு டக்குன்னு உக்காந்து எல்லாத் தாளையும் குத்தினேன். கடைசி வரி முன்னாடி நான் எழுதியிருந்த ரெண்டுங்கற எண்ணு குப்பைக் கூடைக்குப் போயிடுச்சு. நானே குத்தி, நானே கொட்டினேன். அதுக்கப்புறம் பதினேழு வருஷமா கடைசி வரிய மட்டும் படிச்சிக்கிட்டிருக்கேன். மேல ரெண்டு வரிய நான் பாக்கல, எவனும் பாக்கல. இவ பாத்திருக்கா. என்ன இருந்துச்சுன்னு மரியாதையா கேட்டிருக்கா. மாம்பழம்னேன்.

சரி, திருத்தி எழுதிக் குடுக்க வேண்டியதுதானேன்னு நினைக்கிறீங்க. உங்க பார்வையே சொல்லுது. இதான் மார்க்கத் திருத்தற படிவம். இன்னிக்கு நாலு மணிக்குள்ள பரீட்சைப் பிரிவுல குடுக்கணும். அதுக்கப்புறம் பூட்டிடுவான். இப்ப மூணு இருபது. குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? அந்த அறுபத்து மூணு பேரும் நாளைக்கு என் அறை வாசல்ல நிப்பாங்க. உங்களத்தான நம்பி மனப்பாடம் பண்ணினோம்பாங்க. நியாயம்தானே? அடுத்த மாசம் துறைத் தலைவர் பதவிக்கு என் பேர் போகுது. ரெண்டால பெருக்கத் தெரியாதவரு துறைத் தலைவரான்னு எதிர் மேஜைக்காரன் ஊரெல்லாம் சொல்லுவான். பதினேழு செட்டு பசங்க வெளிய போயிருக்காங்க. எவன் எங்க என்ன சுத்தற மிஷின் செஞ்சிக்கிட்டிருக்கானோ, அத நினைச்சா எனக்கு இன்னும் நாலு பல்லு ஆடுது.

உண்மையச் சொல்லவா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... உங்களால எங்க சொல்ல முடியப் போகுது. காலையிலயே வரச் சொன்னாங்க இங்க. நான்தான் மூணரைக்கு வரேன்னு கேட்டு வாங்கினேன். நாலு மணி அடிக்கிறப்ப நான் அந்த நாற்காலியில வாயத் திறந்துக்கிட்டு படுத்திருப்பேன். யாரு என்னக் குத்தம் சொல்ல முடியும்? "பாவம், வாத்தியாருக்குப் பல்லு போயிடுச்சு, அதான் வர முடியல"ம்பாங்க. கணக்கு எப்படி? இதுல ஒரு எழுத்தும் விட்டுப் போகல பாருங்க.

எங்கேர்ந்து பாக்கறோம்ங்கறதுதாங்க எல்லாம். நான் பாக்கற எடத்துலேர்ந்து பாத்தா...

என்ன, உங்க நம்பரா? கூப்பிட்டாங்களா? அடேயப்பா, என்ன வேகம். பிடுங்கணும்னு சொன்னப்ப மூஞ்சி வெளிறிப் போயி உக்காந்திருந்தீங்க, இப்ப பிடுங்கிக்க இப்படி ஓடறீங்க. போங்க, போங்க... இது என்னங்க? பேனாவா? எனக்கா? வேண்டாங்க, என் பையில நாலு பேனா இருக்கு. பேனா இல்லேன்னு நான் சொல்லவே இல்லியே. ஏங்க... மூடிய வேற திறந்து குடுத்துட்டுப் போறீங்க...

கதவ சாத்திட்டாரு.

சிஸ்டர், மணி என்னம்மா? அந்தக் கடிகாரம் சரியா ஓடுதா? மூணு இருபத்தஞ்சா. காலேஜுக்கு ஆட்டோவுல இருபது நிமிஷம் ஆகும்... அடுத்த நம்பர் என்னுதுதான், தெரியும். அந்தக் கைக்குழந்தைக்காரம்மாவ உள்ள விடுங்க. எனக்கு அவசரமில்ல. போன பல்லு போயாச்சு, இனிமே எங்க போகப் போகுது.

கொஞ்சம் இருங்க, இத மட்டும் எழுதிக்கிறேன். திருத்தத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம். அடிச்சவன் ஒரு விரல் அகலந்தான் இடம் விட்டிருக்கான். வாத்தியார் என்ன பெருசா தப்புப் பண்ணிடப் போறான்னு நம்பிக்கை. "மாணவி எழுதியது சரி. விடைக்குறிப்பில் ஒரு ரெண்டு விட்டுப் போச்சு. விட்டவன் நான்." ம்... கட்டத்த விட்டு வெளிய போகுது. போகட்டும். கையெழுத்து. தேதி.

இந்தப் பேனா உள்ள இருக்கறவரோடது சிஸ்டர். வெளிய வந்தா குடுத்துடுங்க. ஒண்ணும் கேக்க மாட்டாரு, வாய் மரத்துப் போயிருக்கு. நீங்களா சொல்லிடுங்க, எழுதிட்டாருன்னு.